இன்ஜின் சைக்கிள்: டேங்க் மூடியில் பெட்ரோல் கசிவதை நிறுத்துவது எப்படி

[திரையில்: இன்ஜின் பூட்டின சைக்கிள். கேமரா டேங்க் மூடிக்கு நெருங்கி வருகிறது]

வணக்கம். இந்த மூடியைச் சுத்தி ஒரு பழுப்பு வளையம் தெரியுதா? அதில் செம்மண் புழுதி அப்பிக் கிடக்கு. வெறும் பெட்ரோல் கசிஞ்சிருந்தா ஆவியாகிப் போயிருக்கும், தடயமே இருக்காது. இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோலோட ஆயில் கலந்து ஊத்துறோம். 25க்கு 1 கணக்கில் கலந்தா 2 லிட்டர் டேங்கில் 80 மி.லி. ஆயில் இருக்கும். கசியும்போது பெட்ரோல் பறந்துடும், ஆயில் தங்கிடும், நம்ம பர்மாவில் பெகு - தட்டோன் ரோட்டுப் புழுதி அதில் ஒட்டிக்கும். அதனால இந்த வளையத்தைப் பார்த்தா கழுவி விட்டுட்டுப் போயிடாதீங்க. எந்தப் பக்கம் அழுக்கு தடிப்பா இருக்கோ, கசிவு அந்தப் பக்கம்தான்.

[திரையில்: டேங்கின் பக்கவாட்டில் வழியும் துளி, கீழே சிலிண்டர் தலை]

துளி எங்கே போகுதுன்னு பாருங்க. டேங்க் மேல் பைப்பில் உட்கார்ந்திருக்கு. அதுக்கு நேர் கீழே சிலிண்டர், அதன் தலையில் ஸ்பார்க் பிளக். ஓடிக்கிட்டிருக்கிற இன்ஜின் மேல பெட்ரோல் சொட்டுது. பிளக் மூடி சரியாப் பொருந்தாம ஒரு பொறி வெளியே தெறிச்சா, தீப்பிடிக்க அது போதும். கசியுற மூடியோட ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

இந்த மூடிக்கு ரெண்டு வேலை. பெட்ரோலை வெளியே விடக் கூடாது. காத்தை உள்ளே விடணும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்க இறங்க, டேங்குக்குள்ள அந்த இடத்தைக் காத்து நிரப்பணும். நிரப்பாட்டி உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குறது நின்னுடும். அதுக்குத்தான் மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு காத்துத் துளை வெச்சிருக்காங்க. மூடி ரிப்பேரில் நடக்கிற தப்பெல்லாம் இங்கேதான். கசிவை அடைக்கிறேன்னு துளையையும் சேர்த்து அடைச்சிடுறாங்க. வண்டி பத்து நிமிஷம் ஓடி, இழுத்து இழுத்து நின்னுடும். அப்புறம் கார்புரேட்டரைக் கழட்டித் தேடுவாங்க. வேற சிலர் துளையை ஆணியால் பெருசாக்கி, மேடு பள்ளத்தில் பெட்ரோல் தெறிக்க வழி பண்ணிடுவாங்க.

[திரையில்: மூடியைச் சுற்றி முகப் பவுடர் தூவும் கை]

எங்கிருந்து கசியுதுன்னு முதலில் கண்டுபிடிக்கணும். மூடியையும், அது மாட்டுற டேங்க் கழுத்தையும் நல்லாத் துடைச்சு, காஞ்சதும் முகத்துக்குப் பூசுற பவுடரை மெல்லிசாத் தூவுங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணாம, இப்படி வலமும் இடமும் சாய்ச்சு ஆட்டுங்க. பவுடர் ஈரமாகி நிறம் மாறும் இடத்தைக் கவனிங்க. மூடி விளிம்புக்குக் கீழேன்னா, மூடிக்குள்ள இருக்கிற ரப்பர் வாஷர். மூடி உச்சியின் நடுவில்னா காத்துத் துளை. மூடிக்கும் கீழே, கழுத்து டேங்கோட சேருற இடத்தில்னா அது வெல்டிங் விரிசல். மூடியை மாத்தினாலும் அந்தக் கசிவு நிக்காது.

எங்கேயும் ஈரம் இல்லை, ஆனா மத்தியானம் வெயிலில் நிறுத்தினா மட்டும் வழியுதா? நீங்க விளிம்பு வரைக்கும் நிரப்புறீங்க. ஒரு பாகை (டிகிரி செல்சியஸ்) சூடு ஏறினா பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 25 பாகையில் ஊத்தின 2 லிட்டர், வெயிலில் டேங்க் 50 பாகைக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 50 மி.லி. கூடும். நம்ம டீக்கடையில் வெறுந்தேத்தண்ணிக்கு வைக்கிற சின்னக் கோப்பையில் பாதிக்கு மேல் அது. அதுக்கு இடம் இல்லைன்னா வெளியேதான் வரும். கழுத்துக்குக் கீழே ரெண்டு விரல் காலி விடுங்க. ஏப்ரல் வெயிலில் இது ரொம்ப முக்கியம்.

[திரையில்: டியூபைக் கழட்டி, தகர டப்பாவில் பெட்ரோல் வடிக்கும் காட்சி]

வேலைக்கு முன்னாடி டேங்கை வடிச்சிடுங்க. இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். பெட்ரோல் டேப்பை, அதாவது டேங்கைத் திறந்து அடைக்கிற குழாயை, மூடி, கார்புரேட்டர் பக்கத்து டியூபைக் கழட்டி ஒரு தகர டப்பாவுக்குள்ள விட்டு, டேப்பைத் திறங்க. திறந்தவெளியில், பகலில் செய்யுங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம். தரையோட தவழ்ந்து போய்த் தூரத்து நெருப்பைத் தொடும். கரண்ட் போன நேரத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இந்த வேலையைத் தொடவே தொடாதீங்க. பக்கத்தில் யாராவது சுருட்டுப் பிடிச்சா, தயங்காம எழுந்து போகச் சொல்லுங்க.

வடியும்போதே ஒரு சோதனை. மூடியை இறுக்கமா மூடியே வெச்சிருங்க. பெட்ரோல் ஒரே சீரா ஓடினா காத்துத் துளை சுத்தம். கொஞ்ச நேரத்தில் மெலிஞ்சு சொட்டுச் சொட்டா ஆகி, மூடியைத் திறந்ததும் மறுபடி வேகமா ஓடினா, துளை அடைச்சிருக்கு.

[திரையில்: மூடியின் உட்புறம், பழைய வாஷர், நைட்ரைல் ரப்பர் ஷீட்]

மூடியைப் புரட்டிப் பாருங்க. இந்தப் பழைய வாஷரில் கழுத்து விளிம்பு பதிஞ்சு ஆழமான தடம் விழுந்திருக்கு. நகத்தால் அழுத்தினா திரும்ப எழும்பலை, ஓரத்தில் வெடிப்பும் இருக்கு. இது போயிடுச்சு.

புது வாஷருக்கு எந்த ரப்பர்ங்கிறதில்தான் பலரும் ஏமாறுறாங்க. கையில் கிடைக்கிறது பழைய சைக்கிள் டியூப். அதை வட்டமா வெட்டி வெச்சிடுவாங்க. முதல் நாள் கச்சிதமா இருக்கும். அந்த ரப்பர் பெட்ரோலைக் குடிச்சு ஊதும், நெளியும், ஒரு வாரத்தில் மூடியே சரியா உட்காராது. சிலிகான் பசையும் அப்படித்தான்: பெட்ரோலில் ஊறித் துண்டு துண்டா உதிர்ந்து, டேப்பின் வலையையும் கார்புரேட்டர் ஜெட்டையும் அடைக்கும். மரை வகை மூடிக்கு, தண்ணிக் குழாய் மரையில் சுத்துற வெள்ளை நாடாவைச் சுத்துறவங்களும் உண்டு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதன் நார் டேங்குக்குள்ள விழும்.

வேண்டியது நைட்ரைல் ரப்பர், 2 மி.மீ. கனம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பெட்ரோலுக்குன்னு கேட்டு வாங்குங்க. விட்டான் ரப்பர் கிடைச்சா இன்னும் நல்லது, விலை கூட. எதுன்னாலும் நம்பி வெட்டாதீங்க. நகம் அளவு துண்டை ஒரு நாள் முழுக்கப் பெட்ரோலில் ஊறப் போடுங்க. லேசா ஊதினா பரவாயில்லை. கொழகொழன்னு ஆச்சு, பெட்ரோல் கறுத்துச்சுன்னா அந்த ஷீட் உதவாது.

அளவை மூடியிலிருந்து எடுங்க, பழைய வாஷரிலிருந்து வேண்டாம்; அது ஊதியிருக்கும். மூடியின் உள்வட்டம்தான் வாஷரின் வெளிவட்டம். நடுத் துளை, கழுத்து வாயைவிட 2 மி.மீ. சின்னதா இருக்கட்டும். முதலில் நடுத் துளையை வெட்டிட்டு, அப்புறம் வெளிவட்டத்தை வெட்டுங்க. மாத்திச் செஞ்சா சின்ன வளையத்தைப் பிடிக்கவும் முடியாது, கையும் வெட்டுப்படும். சில மூடிகளில் வாஷர் வளையமா இல்லாம முழு வில்லையா இருக்கும். அதில் காத்துத் துளைக்கு நேரா ஒரு சின்ன ஓட்டை இருந்தாகணும். பழைய வில்லையில் இருந்ததான்னு பார்த்துட்டு அப்படியே போடுங்க.

[திரையில்: கழுத்துக்குள் துணி அடைத்து, உப்புத்தாளால் விளிம்பைத் தேய்க்கும் காட்சி]

புது வாஷர் போட்டும் கசியுதுன்னா கழுத்து விளிம்பைப் பாருங்க. இந்த டேங்குகளின் விளிம்பில் பிசிறும், அதுக்கு மேல பெயிண்ட் கட்டியும் சகஜம். கழுத்துக்குள்ள ஒரே ஒரு துணியை அடைச்சு, வால் வெளியே தெரிய விடுங்க. கண்ணாடித் துண்டில் 400 நம்பர் உப்புத்தாளைச் சுத்தி, விளிம்பு முழுக்க ஒரே மட்டமாப் பளபளக்கிற வரைக்கும் தேய்ங்க. தூளை ஈரத் துணியால் ஒத்தி எடுத்துட்டு, அடைச்ச துணியை உருவுங்க.

அமுக்கித் திருப்புற மூடியில் உள்ளே ரெண்டு காது இருக்கும். அது தேஞ்சா மூடி மாட்டும், ஆனா இறுகாது. 2 மி.மீ. வாஷர் அமுங்கி ஒன்றரை மி.மீ. கனத்துக்கு வந்தாத்தான் அடைப்பு. ரெண்டு காதையும் குறட்டால் வாஷர் பக்கமா அரை மி.மீ. வளைங்க. ரெண்டும் ஒரே அளவு வளையணும். ஒண்ணு கூடினா மூடி ஒருக்களிச்சு உட்காரும். மூடியைத் திருப்பும்போது கடைசியில் கைக்குக் கொஞ்சம் கனமாத் தெரியணும். அதுதான் சரியான இறுக்கம். கம்பி போட்டு நெம்பி இறுக்குற அளவுக்குப் போகாதீங்க.

வெல்டிங் விரிசல்னா டேங்கை மாத்துறதே நல்லது. காலி டேங்க்தானேன்னு வெல்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. உள்ளே நிக்கிற ஆவி, பெட்ரோலைவிட மோசமா வெடிக்கும்.

[திரையில்: பிரேக் வயரின் ஒற்றைக் கம்பி, மூடித் துளை]

காத்துத் துளைக்குப் பழைய பிரேக் வயரிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிரிச்சு எடுங்க. அதால் மெல்லக் குத்தி, சைக்கிள் பம்பால் ஊதுங்க. துளை 1 மி.மீ. இருந்தா போதும். ஏற்கனவே பெருசாப் போயிருந்தா, பெட்ரோல் தாங்குற எப்பாக்ஸிப் பசையால் அடைச்சு, ஒரு நாள் காய விட்டு, 1 மி.மீ. டிரில் பிட்டால் புதுசாத் துளை போடுங்க.

மோல்மீன் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழை. மூடி மேல தேங்குற தண்ணி இந்தத் துளை வழியாத்தான் உள்ளே இறங்குது. பர்மியப் புத்தாண்டுத் தண்ணித் திருவிழா நாலு நாளும் அப்படித்தான். குழாய் பிடிச்சு அடிச்சா நேரா டேங்குக்குத்தான். பெட்ரோலைவிடத் தண்ணி கனம், அடியில் தங்கி டேப் வழியா முதலில் வரும், வண்டி திக்கித் திக்கி ஓடும். பிளாஸ்டிக் பையைப் போட்டு மூடியை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுறாங்க. வேண்டாம், காத்து அடைஞ்சிடும். வாய் அகலமான பிளாஸ்டிக் டப்பாவின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்து, அதை மூடி மேல தொப்பி மாதிரித் தளர்வாக் கவிழ்த்து, ஒரு பக்கம் மட்டும் கட்டி வைங்க.

[திரையில்: பாதி நிரப்பிய டேங்க், மீண்டும் பவுடர்]

எல்லாம் மாட்டியாச்சா? பாதி டேங்க் ஊத்தி, பவுடர் தூவி, மறுபடி சாய்ச்சு ஆட்டுங்க. காஞ்சிருந்தா இருபது நிமிஷம் நிறுத்தாம ஓட்டுங்க. துளை அடைச்சிருந்தா அதுக்குள்ள வண்டி சொல்லிடும். ஒரு வாரம் கழிச்சு மூடியைத் திறந்து, வாஷரில் பதிஞ்ச தடம் வட்டம் முழுக்க ஒரே ஆழத்தில் இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் மட்டும் ஆழமா இருந்தா, எதிர்ப் பக்கத்துக் காதை இன்னும் கொஞ்சம் வளைக்கணும்.