கோல்கீப்பருக்கு யார் கட்அவுட் வைப்பது?

பட்டிமன்ற நடுவர் அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, காலையிலிருந்து மேட்ச் பார்த்துவிட்டு, பனி இறங்கிய பிறகும் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏற்காட்டுச் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'ஜெயிக்க வைப்பது தனி நாயகனா, கூட நிற்கும் கூட்டமா?' சினிமாவில் சூப்பர் ஹீரோவையும், மைதானத்தில் கோடி கொடுத்து வாங்குகிற ஸ்டார் பிளேயரையும் வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார் நடுவர். நான் கூட்டத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி நன்றாகத்தான் பேசினார். மரடோனா, மெஸ்ஸி, அயர்ன் மேன் என்று மூன்று பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதோடு விட்டிருக்கலாம். முடிக்கும்போது என் பக்கம் திரும்பி, "அக்கா, டீமு டீமுங்கறீங்களே, எந்த ஊர்லயாச்சும் கோல்கீப்பருக்குக் கட்அவுட் வெச்சுப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்த மூலையிலிருந்து விசில்கூட வந்தது. சரி, நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்பு இப்படி ஓரமாக இருக்கட்டும். முதலில் தம்பிக்குப் பதில்.

வைக்க மாட்டார்கள் தம்பி. நீங்கள் சொன்னது நிஜம். 2022 உலகக் கோப்பை சமயத்தில் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு 30 அடியில் கட்அவுட் நின்றது, நெய்மருக்கு 40 அடி, அப்புறம் ரொனால்டோவுக்கும் ஒன்று. உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. ஆனால் அந்த டிசம்பர் 18 ராத்திரி என்ன நடந்தது? அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. பிரான்சின் கோலோ முவானி தனியாகப் பந்தோடு வருகிறார். எதிரே கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் ஒருத்தர்தான். அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் மெஸ்ஸி கையில் உலகக் கோப்பை கிடையாது. மார்ட்டினெஸ் இடது காலை நீட்டினார். பந்து உள்ளே போகவில்லை. அப்புறம் பெனால்டியிலும் ஒன்றைப் பிடித்தார். 4-2. கட்அவுட் ஒருத்தருக்கு நின்றது. கோப்பையைக் காப்பாற்றிக் கொடுத்தது இன்னொருத்தர் கால்.

மரடோனாவைச் சொன்னீர்கள். 1984-இல் பார்சலோனாவிலிருந்து இத்தாலியின் நாப்போலி அணிக்கு வந்தார், அந்த ஊரின் தலையெழுத்தையே மாற்றினார் என்றீர்கள். மாற்றினார், யார் இல்லை என்றது? ஆனால் அவர் வந்த அந்த 1984-85 சீசனில் இத்தாலி லீக்கை ஜெயித்தது யார் தெரியுமா? வெரோனா. மரடோனா மாதிரி ஒரு பெயர் அந்த அணியில் கிடையாது. அந்த வெரோனாவின் கோல்கீப்பர் கிளாடியோ கரெல்லா. பார்க்கத் தடுமாறுகிற மாதிரி இருக்கும், கையால் பிடிக்க வேண்டிய பந்தைக் காலால் உதைத்துத் தடுப்பார். 1985-இல் நாப்போலி என்ன செய்தது? அந்தக் கரெல்லாவைத் தன் அணிக்குக் கொண்டுவந்தது. 1987-இல் நாப்போலி முதல் முறையாக லீக் சாம்பியன். மரடோனா ஒருத்தரே போதும் என்று அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்துவிடவில்லை. கோல் கம்பத்துக்கு ஆள் தேடினார்கள்.

மெஸ்ஸி அமெரிக்காவின் இன்டர் மயாமி அணிக்குப் போனது 2023. முதல் ஆட்டத்திலேயே கடைசி நிமிஷத்தில் ஃப்ரீ கிக் கோல். ஒரு கோப்பையும் வந்தது. ஆனால் அதே வருஷம் அமெரிக்க லீக்கில் மயாமி பிளே ஆஃப் சுற்றுக்கே போகவில்லை! 2025-இல்தான் அந்த லீக் கோப்பை கிடைத்தது. அந்த ஃபைனலில் மயாமி 3-1 என்று ஜெயித்தபோது மெஸ்ஸி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இரண்டு கோலுக்குப் பந்தைக் கொடுத்தார். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் கொடுக்கிற இடத்தில் நின்றார், மற்றவர்கள் அடித்தார்கள்.

பாரிஸ் கிளப் அணியைப் பற்றி ஒரு வரி. நெய்மரை வாங்க 2017-இல் 22 கோடியே 20 லட்சம் யூரோ கொடுத்தார்கள். எம்பாப்பே. 2021-இல் மெஸ்ஸியும். மூன்று பேரும் சேர்ந்து ஆடிய இரண்டு சீசனிலும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் கடைசி 16-லேயே வீட்டுக்கு. மூன்று பேரும் கிளம்பிப் போன பிறகு, 2025 மே மாதம், இளம் பையன்களை வைத்து ஃபைனலில் இன்டர் மிலானை 5-0 என்று அடித்தார்கள். இதற்கு மேல் நான் விளக்கணுமா?

வெளிநாட்டுக் கதை போதும். நம் மலைக்கு வருகிறேன்.

செம்மடுவு தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். மைதானம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு. சரிவுப் பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே காபித் தோட்டம். பந்து கம்பத்துக்கு மேலே போனால் செடிக்குள் உருண்டு எந்தப் பள்ளத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. யாராவது இறங்கித் தேடுவார்கள், மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள்.

அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டி என்றால் எங்கள் பையன்கள் அரையிறுதி வரை வருவார்கள், தோற்பார்கள். ஒரு வருஷம் ஊரே கூடிப் பேசியது. சேலத்திலிருந்து ஒரு கெஸ்ட் பிளேயரைக் கொண்டுவரலாம், லீக் ஆடுகிற ஸ்ட்ரைக்கர். வசூல் ஆரம்பித்தது. காபிப் பழம் பறிக்கிற அக்காக்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் கொடுத்தார். எங்கள் கோல்கீப்பர் அண்ணனும் கொடுத்தார். அவர் மிளகு பறிக்கிறவர். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சிக்குப் போய்க் கொத்துக் கொத்தாகப் பறித்து இறங்குகிற வேலை. அந்தக் கையிலிருந்து பந்து நழுவி நான் பார்த்ததில்லை.

ஃபிளெக்ஸ் வந்தது. எப்படிப்பட்ட ஃபிளெக்ஸ்! சிவப்பு அங்கி காற்றில் பறக்க, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஒரு சூப்பர் ஹீரோ. தலை மட்டும் ஸ்ட்ரைக்கர் தம்பியுடையது. பின்னால் மின்னல், காலுக்குக் கீழே பூமி உருண்டை. அதற்கும் கீழே காசு கொடுத்தவர்கள் தலையெல்லாம் சின்னச் சின்ன வட்டத்தில். கோல்கீப்பர் அண்ணன் தலையைத் தேடினோம். 'வருக வருக' என்று எழுதியிருந்தார்களே, அதில் இரண்டாவது 'வருக'வுக்குப் பின்னால் போய்விட்டது. காது மட்டும் தெரிந்தது. அண்ணன் நின்று பார்த்தார். "என் காதுதான், எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்ட்ரைக்கர் தம்பி பஸ்ஸில் வந்தார். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவு, உங்களுக்குச் சொல்லணுமா? நாலாவது வளைவில் ஜன்னலைத் திறந்தார். ஏழாவதில் தலையை வெளியே நீட்டினார். பத்தாவதில், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், வேண்டாம். மேலே வந்து இறங்கியபோது பையனுக்கு நிற்கவே தெம்பில்லை. ஊர் மாலையோடு நிற்கிறது, தாரை தப்பட்டை முழங்குகிறது. அவரைத் தோளில் சாய்த்து, எலுமிச்சம்பழத்தை மோரில் பிழிந்து, உப்புப் போட்டுக் குடிக்க வைத்து, தன் வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்தது யார்? கோல்கீப்பர் அண்ணன்.

மறுநாள் போட்டி. இந்தத் தடவை ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எங்கள் பையன்கள் எல்லாரும் பந்தை ஸ்ட்ரைக்கருக்கே கொடுக்கிறார்கள். வலது பக்கம் ஆளே இல்லை, காலியாகக் கிடக்கிறது. அங்கே போகலாம் இல்லையா? போக மாட்டார்கள். காசு கொடுத்துக் கூப்பிட்டிருக்கிறோம், அவர்தான் அடிக்கணும்! எதிரணிக்கும் இது புரிந்துவிட்டது. அவரைச் சுற்றி மூன்று பேர். பாவம், அந்தப் பையன் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஓடி ஓடிப் பார்த்தார். கோல் விழவில்லை. எங்கள் கம்பத்துக்குள்ளும் விழவில்லை, ஏன் என்றால் பின்னால் மிளகுக் கை இருக்கிறது. டைபிரேக்கர்.

ஸ்ட்ரைக்கர் தம்பி தன் பெனால்டியை அருமையாக அடித்தார். எதிரணியின் கடைசி அடி. சரிவுப் பக்கக் கோல். இடது மூலைக்கு மேலே சீறி வருகிறது. அண்ணன் ஏணி இல்லாமலே ஏறினார் என்றுதான் சொல்லணும். ஒற்றைக் கையால் தட்டினார். பந்து கம்பத்துக்கு மேலே போய்க் காபித் தோட்டத்தில் விழுந்தது. ஜெயித்துவிட்டோம்!

ஊர் மொத்தமும் மைதானத்துக்குள் ஓடியது. ஸ்ட்ரைக்கரைத் தோளில் தூக்கியாச்சு. மாலை, ஆட்டம், கோப்பை, போட்டோ. போட்டோ எடுத்து முடித்த பிறகுதான் ஒரு பாட்டி கேட்டது: "ஏனுங்க, கோல்காரப் பையன் எங்கே?"

தேடினோம். அவர் காபிச் செடிக்குள் குனிந்து பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். மேலெல்லாம் சேறு. "என்னண்ணே இங்கே இருக்கீங்க?" என்றால், "பந்து வாடகைப் பந்துப்பா, தொலைஞ்சா காசு கேப்பாங்க" என்றார்.

இன்னொரு தடவை சொல்கிறேன், எதிரணித் தம்பி நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். கோப்பையை ஜெயித்துக் கொடுத்த ஆள், ஊரே ஆடிக்கொண்டிருக்கும்போது, ஊருக்காகப் பந்து தேடிக்கொண்டிருந்தார். அந்தப் போட்டோ இன்றைக்கும் எங்கள் ஊர் டீக்கடையில் மாட்டியிருக்கிறது. எல்லாரும் இருக்கிறார்கள். அவர் இல்லை. ஃபிளெக்ஸில் காதாவது தெரிந்தது!

மணி அடித்துவிட்டார்கள். அயர்ன் மேனுக்கு வருகிறேன். 2019-இல் வந்த அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் கடைசியில் அவர் விரல் சொடுக்கினார், உலகம் பிழைத்தது. ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அந்தச் சக்திக் கற்கள் பதித்த கையுறை வில்லன் தானோஸ் கைக்குப் போகாமல் அவ்வளவு நேரம் காத்தது யார்? ஹாக் ஐ தூக்கிக்கொண்டு ஓடினார், பிளாக் பேந்தர் வாங்கினார், ஸ்பைடர் மேன் வாங்கினார், கேப்டன் மார்வெல் வாங்கினார். எங்கள் மைதானத்தில் இதைப் பாஸ் என்போம். அந்த நாலு பேர் இல்லை என்றால் சொடுக்குவதற்கு விரல் ஏது, உலகம் ஏது?

ஹீரோ பறக்கிறாரே, எப்படி? இடுப்பில் பட்டை கட்டி ரோப் மாட்டுவார்கள். மறுமுனையை ஸ்டண்ட் கலைஞர்கள் இழுத்துப் பிடிப்பார்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் ரோப்பை அழித்துவிடுவார்கள். இந்த மலைக்கு ஏறுகிற சாலையில்தான் டி.ஆர். சுந்தரம் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவைத் தொடங்கினார். நூறு படத்துக்கு மேல் அங்கே உருவானது. இன்றைக்கு வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. அங்கே செட் போட்ட தச்சர், லைட் தூக்கியவர், சோறு போட்டவர் பெயரை இந்தக் கூட்டத்தில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

நம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப்பயிற்சிக்குப் பந்து போடத்தான் அவரை எடுத்தார்கள். அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஆடிவிட்டு வந்தார். சேலமே தெருவுக்கு வந்து நின்றது. அவர் ஐபிஎல் சட்டையின் முதுகில் என்ன எழுதியிருந்தது? 'ஜே.பி. நட்டு'. அந்த ஜே.பி. அவர் பெயர் இல்லை. அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்த வழிகாட்டி அண்ணனின் பெயர். நம் ஊர் நாயகன் தன் முதுகிலேயே இன்னொருத்தரைச் சுமந்துகொண்டு ஓடினார்.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பஸ் ஏறி நசுங்கிய காலோடு இருந்த பிள்ளையைக் காய்கறி விற்று வளர்த்தது அவர் அம்மா. எந்தப் படத்தில் வருகிற எந்த சூப்பர் ஹீரோவை அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்த முடியும்? எனக்கு வாதம் எல்லாம் இங்கே நின்றுவிடுகிறது நடுவர் அவர்களே. தொண்டை அடைக்கிறது. இந்தக் கூட்டத்திலும் பின்னால் நின்றுகொண்டே கேட்கிற அம்மாக்களைப் பார்க்கிறேன். இன்றைக்கு மைதானத்தில் சேறான ஜெர்சியை நாளைக் காலை இந்தக் குளிரில் துவைக்கப்போவது அவர்கள்தான். மகன் கோல் அடித்தானா இல்லையா என்பதையே யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

தீர்ப்பு உங்கள் கையில். எங்களுக்கு எதிராகச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். கொஞ்ச நேரத்தில் இந்த மேடையில் கோப்பை கொடுக்கப்போகிறீர்கள். கேப்டனைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஜெயித்த அணி, தோற்ற அணி, இரண்டின் கோல்கீப்பர்களையும் மேலே கூப்பிடுங்கள். அவர்கள் அம்மா வந்திருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். போட்டோ எடுக்கும்போது நடுவில் நிறுத்துங்கள். எதிரணித் தம்பி, மாலை போட நீங்கள் வாங்க, நானும் வருகிறேன்.

நன்றி, வணக்கம்.