பாரதம் நடக்கும் ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பங்குனி பிறந்து ஆடி முடியும் வரையில் ஆற்காடு, திமிரி, கலவை, ஆரணி, செய்யாறு வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் ‘மகாபாரத அக்னி வசந்த விழா’ என்று தலைப்பிட்ட சுவரொட்டியைப் பார்க்காமல் இருக்க முடியாது. பிற்பகலில் என்ன சொற்பொழிவு, இரவில் என்ன கூத்து என்று அதில் நாள்வாரியாக அச்சிட்டிருப்பார்கள். திரௌபதி அம்மன் கோயில் என்றும், எங்கள் பக்கத்து வழக்கில் தர்மராஜா கோயில் என்றும் அழைக்கப்படும் சிற்றூர்க் கோயில்களில் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு வரி வசூலித்து நடத்துகிற விழா அது. பழைய வடஆற்காட்டின் ஆகப் பெரிய இசை நாடக விழா அதுதான் என்பது என் கருத்து. சபாவும் நுழைவுச் சீட்டும் இல்லாத காரணத்தால் யாரும் அதை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

1989ஆம் ஆண்டில் மாவட்டம் பிரிந்தபோது செய்யாறும் ஆரணியும் வந்தவாசியும் திருவண்ணாமலையோடு போயின. 2019இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. ஜமா எனப்படும் கூத்துக் குழுக்களுக்கு இந்த எல்லைகள் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. தாம்பூலம் கொடுத்து அழைத்த ஊருக்கு வேடப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

கொடியேற்றிக் காப்புக் கட்டியபின், பிற்பகல்தோறும் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதப் பாடல்களை இசையோடு பாடிப் பொருள் சொல்வார். பிரசங்கம் சில நாள் முன்னேறிய பிறகுதான் கூத்து தொடங்கும். வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், இராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதையாக, கடைசி நாள் சண்டையான பதினெட்டாம் போர் வரையில் அது நடக்கும். இவற்றில் கர்ண மோட்சத்துக்குத் தனி மதிப்பு உண்டு. இறந்தவர்களின் கருமகாரியத்திலும் அதை ஆடச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கூத்துக் களத்தில் கட்டை கட்டிய வேடம்தான் முதலில் கண்ணை இழுக்கும். கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் ஆகியவற்றைக் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டியிருப்பார்கள். இரவு முழுவதும் சுழன்று ஆட வேண்டிய உடம்பு தாங்க வேண்டும் என்பதற்காகவே அந்த மரம். வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, தரு என்ற பாட்டுக்கு அடவு போட்டு, திரை விலகியதும் கிறுக்கி சுற்றுவார். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் ‘தாங்கள் யார்?’ என்று கேட்பான். தெரிந்த பதிலைச் சபையே காத்திருந்து கேட்கும். பின்னால் மிருதங்கமும் டோலக்கும் ஆர்மோனியமும் கைத்தாளமும் முகவீணையும் ஒலிக்கும். முகவீணை என்பது நாகசுரத்தின் சிறிய உறவினர். அதன் சுருதி மிகவும் உயரம். அந்த உயரத்துக்கே வேடக்காரர்களும் பாடுவதால், மின்சாரம் எட்டாத காலத்திலேயே கடைசி வரிசைக்குப் பாட்டு கேட்டது.

பகடை துகில் இரவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துச்சாதனன் சேலையைப் பற்ற வேண்டிய நேரம் நெருங்கும்போது கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்குவார்கள். துச்சாதனன் வேடம் கட்டியவர் வேடத்திலிருந்து விலகி, இது கதைக்காகச் செய்வது, தாயே பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டுவதும் உண்டு. அந்தப் பக்கம் நிற்கிற திரௌபதியும் வேடம் கட்டிய ஆண்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் கூட்டத்தில் பெண்கள் கை கூப்புவார்கள். விரித்த கூந்தலைத் துரியோதனன் இரத்தம் பூசித்தான் முடிப்பேன் என்று அன்றைக்குச் செய்த சபதம், பல இரவுகள் கடந்து, துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலையில்தான் நிறைவேறும். கதையில் திரௌபதி காத்திருப்பதுபோல ஊரும் காத்திருக்கிறது.

பகடை துகிலுக்கும் படுகளத்துக்கும் இடையில் வருவது அர்ச்சுனன் தபசு. உயரமாக நட்ட தபசு மரத்தின் மேல் வேடக்காரர் பாடியபடியே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம் பழமும் வில்வமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே காத்திருந்து அதைப் பெற்றுக்கொள்வார்கள். இசை, நாடகம், வழிபாடு என்று நாம் தனித்தனியாகப் பெயர் வைத்திருப்பவை அங்கே பிரிந்து நிற்பதில்லை.

பதினெட்டாம் போர்க் கூத்து விடியும் தறுவாயில் முடிந்து, வேடம் கலைக்காமலேயே படுகளத்துக்கு நகரும். வெட்டவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடக்கும் பெரிய மண்ணுருவத்தைக் குயவர்களும் ஊர்க்காரர்களும் ஆக்கி வண்ணம் தீட்டி வைத்திருப்பார்கள். அதன் மேலும் சுற்றிலும் பீமனும் துரியோதனனும் துரத்திப் போரிட, முடிவில் தொடையில் அடி விழும்; அங்கே மறைத்து வைத்த செந்நீரை எடுத்துத் திரௌபதியின் கூந்தலில் தடவி முடித்துப் பூச்சூட்டுவார்கள். மக்கள் அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். மாலையில் தீமிதி, பிறகு தர்மர் பட்டாபிஷேகம்.

கூத்தை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கினால் இளைஞர்கள் வருவார்கள் என்று நகரத்து நண்பர்கள் பலர் யோசனை சொல்கிறார்கள். சென்னை மேடைகளுக்கு அப்படிச் சுருக்கி ஆடுவதில் எனக்கு மறுப்பில்லை. கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றவர்களின் ஆட்டம் நவீன நாடகக்காரர்களைக் கவர்ந்து வெளியுலகுக்குத் தெரியவந்ததும் நல்லதே. ஊர் விழாவில் மட்டும் அந்தச் சுருக்கம் பொருந்தாது. விடியற்காலைப் படுகளத்தோடு இணைத்து அமைத்த கதையை இரவு பத்து மணிக்கு முடித்துவிட்டால், துரியோதனன் இருட்டில் எங்கே போய் விழுவான்? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன. அது நியாயமான விதி. ஒலிபெருக்கியை நிறுத்துவதற்காகக் கூத்தையே நிறுத்த வேண்டியதில்லை. முன்வரிசையை நெருக்கி உட்கார்ந்து முகவீணையை நேராகக் கேட்டவர்களுக்கு, ஒலிபெருக்கி வழியாகக் கேட்டது எவ்வளவு கரகரப்பு என்பது புரிந்துவிடும். கூத்து இரவுகளில் ஒன்றிரண்டைக் குறைத்து, அந்தப் பணத்துக்கு மெல்லிசைக் கச்சேரி வைக்கும் ஊர்களில் இழப்பு இன்னும் பெரிது. கதையின் நடுவில் ஒரு நாள் போனால் அடுத்த நாள் கால் ஊன்ற இடமில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் இதுவரை பார்க்காதவர்கள் ஓர் இரவுதான் ஒதுக்க முடியும் என்றால், பதினெட்டாம் போரைத் தேர்ந்தெடுங்கள்; இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய்விட வேண்டும், படுகளம் முடிந்துதான் திரும்ப வேண்டும். இரண்டு இரவு இருந்தால் பகடை துகிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உட்காரப் பாயும், விடியற்காலைப் பனிக்கு ஒரு துண்டும் கொண்டு போவது நல்லது. நாளும் ஊரும் சுவரொட்டியிலேயே இருக்கும். வணக்கம்.