நிவாரணப் பட்டியலும் நிலப் படமும்

(வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளே,

எனக்குத் தந்த தலைப்பு 'நிலைபேறான அபிவிருத்தியும் வறுமைக் குறைப்பும்'. தலைப்பு பெரியது, தந்த நேரம் சின்னது. ஆகவே கொழும்பைத் தாண்டிப் போகமாட்டேன். இந்த நகரத்தில் யார் ஏழையாகவே இருக்கவேண்டும் என்பதை, அரசு ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தின் பட்டியலைவிட, பள்ளக் காணியை நிரப்பக் கொடுக்கும் அனுமதிக் கடிதம்தான் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொழும்பை ஒட்டிய கொலன்னாவையில் வீடுகளுக்குள் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படி ஒரு வெள்ளத்தில் மெத்தை, பிரிஜ், பிள்ளையின் கொப்பி, தையல் மெஷின் எல்லாம் ஒரே இரவில் போய்விடும். மெஷின் போனால் அந்த வீட்டு அம்மாவின் உழைப்பும் போகும். புதிது வாங்க நகையை அடகு வைப்பார். அடகை மீட்க வட்டிக்கு எடுப்பார். அந்தக் கடன் தீருமுன் அடுத்த வெள்ளம் வந்து நிற்கும். நிவாரணமாக வருவதோ ஓர் உலருணவுப் பொதி.

மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. பெய்த நீரைத் தாங்கி வைத்து மெல்ல விடும் சதுப்பு நிலங்களை நாம் மண்போட்டு மூடிக்கொண்டே வந்தோம். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற, சதுப்பு நிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கையின் அங்கீகாரம் கிடைத்தது. நல்ல பெருமைதான். டிப்பர் லொறிக்கு அது தெரியுமா என்பது வேறு கதை. 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தபோது உறுப்பினர்களை ஏற்றிப்போக இராணுவ வாகனம் வந்தது. கொலன்னாவைக்காரர் சட்டிபானையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறார்.

குப்பையும் இப்படித்தான். கொழும்புக் குப்பையைப் புளூமெண்டலில் கொட்டுவது நின்றதும், கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பை மேடு வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று அது சரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இன்று கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், 10 மெகாவாட். ஆனால் நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான, அழுகும் பொருள். வீட்டிலேயே பிரித்தால் அது பசளை, கலந்து கட்டினால் பக்கத்து ஏழையின் முற்றத்தில் மலை.

பசுமை என்று பெயர் வைத்தால் போதும் என்றும் நினைக்கவேண்டாம். 2021இல் இயற்கை விவசாயம் என்று சொல்லி அரசு இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தியது, நவம்பரில் தடையை விலக்கியது. இடையில் நொந்தது விவசாயி. திட்டமில்லாத நல்லெண்ணமும் வறுமையை உண்டாக்கும்.

"தோட்டத்துச் சனத்துக்கு மாடி வீடு கொடுத்துவிட்டார்களே" என்பார்கள் சிலர். தோட்டம் என்று அவர்கள் சொல்வது கொழும்பின் நெருக்கமான குடிசைக் குடியிருப்புகளை. கொடுத்தார்கள், கழிவறை, குழாய்த் தண்ணீர், பூட்டுப் போடக் கதவு எல்லாம் வந்தது. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முடுக்கு வாசலில் இடியப்பம் அவித்து விற்ற அக்காவுக்கு எட்டாம் மாடியில் யார் வந்து வாங்குவது? ஓட்டோவை எங்கே விடுவது? லிப்ட் பழுதானால் நீரிழிவுக்காரத் தாத்தா கிளினிக்குக்கு எப்படி இறங்குவார்? வீட்டைத் திட்டமிட்டவர்கள் பிழைப்பைத் திட்டமிடவில்லை. படம் கீறும் மேசையில் அந்த அக்காவை ஒரு நாள் உட்காரவைத்திருந்தால் கீழ்த்தளத்தில் நாலு சின்னக் கடையாவது வந்திருக்கும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் எந்த வடிகான் எங்கே போய் விழுகிறது, எந்தப் பள்ளக் காணியை நிரப்ப யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. வாசல் மேசையில் படிவங்கள் இருக்கின்றன. எழுத உதவ இரண்டு தம்பிமார் நிற்கிறார்கள். தேநீருக்கு முன் அங்கே ஒருக்கால் போய்வாருங்கள்.