இரண்டு பபூன்களின் நெருக்கத்தை அளப்பது எப்படி?

அவையோருக்கு வணக்கம்.

கென்யாவின் அம்போசெலி சமவெளியில் 1971 முதல் பபூன் குரங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அங்கே இரண்டு பெண் பபூன்கள் எவ்வளவு நெருக்கம் என்பதை எந்தக் கருவியும் காட்டாது. நடத்தை ஒன்றுதான் நம் கண்ணுக்குத் தெரியும். ஒன்று அருகே வந்து கழுத்தைச் சாய்த்துக் கொடுக்கும். மற்றது இரு கைகளாலும் மயிரை விலக்கி, தோலில் ஒட்டிய உண்ணியை விரல் நுனியால் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். பேன் பார்ப்பது என்கிறோமே, அதுதான்.

சரி, எண்ணிவிடலாமே என்று தோன்றும். ஆனால் களத்தில் நிற்பவரின் கண் எங்கே போகும்? கூச்சலும் சண்டையும் நடக்கும் இடத்துக்குத்தான். புதருக்குப் பின்னால் அமைதியாகப் பேன் பார்க்கும் ஜோடி கணக்கில் வராமலே போய்விடும். 1974-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்தக் கோளாறைத்தான் பிடித்தது. யாரைப் பார்ப்பது என்பதைக் கண் தீர்மானிக்கக் கூடாது; முன்பே போட்ட வரிசை தீர்மானிக்க வேண்டும். முறை வந்த விலங்கைக் குறித்த நேரம் முழுவதும் பார்த்தே ஆக வேண்டும், அது சும்மா தூங்கினாலும் சரி. அம்போசெலியில் அது பத்து நிமிடம். சுவாரசியமான காட்சியை விட்டுவிட்டுத் தூங்கும் குரங்கைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்! அந்த உறுதியின் மேல்தான் இந்தத் துறையே நிற்கிறது என்பேன்.

அடுத்தது கணக்கு. வெறும் எண்ணிக்கை எதையும் சொல்லாது. அந்தக் குழுவின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு குழுவில் சராசரி ஜோடி நூறு மணி நேரத்தில் 2 முறை பேன் பார்க்கிறது, நம் ஜோடி 6 முறை என்று வைத்துக்கொள்வோம்: அது 3 மடங்கு. அருகருகே இருப்பதில் நம் ஜோடி சராசரி அளவே, அதாவது 1 மடங்கு. இரண்டின் சராசரி 2. ஒன்றுக்கு மேலே போகப்போக நெருக்கம் கூடுகிறது என்று பொருள்.

அருகில் இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில் ஆபத்து உண்டு. வறண்ட பருவத்தில் இரண்டு யானைகள் ஒரே நீர்நிலைக்கு வரும். அவற்றைச் சேர்த்து வைத்தது தாகமாகவும் இருக்கலாம். பேன் பார்ப்பதிலோ கொடுக்கல் வாங்கலையும் சேர்த்துப் பார்க்கலாம். அம்போசெலியில் ஏறக்குறைய சமமாக மாறி மாறிப் பேன் பார்த்துக்கொண்ட பெண் ஜோடிகளின் உறவுதான் அதிக காலம் நிலைத்தது. எனக்கு மொத்த எண்ணைவிட இந்தச் சமநிலையே பெரிதாகப் படுகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? 2003-இல் ஜோன் சில்க், சூசன் ஆல்பர்ட்ஸ், ஜீன் ஆல்ட்மன் மூவரும் 16 ஆண்டுத் தரவை வைத்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களோடு அதிகம் கலந்து பழகிய தாய்களின் குட்டிகள் ஓராண்டைத் தாண்டிப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அந்தத் தாய் குழுவில் உயர்ந்த இடத்தில் இருக்கிறாளா, தாழ்ந்த இடத்திலா என்பதைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு மறையவில்லை. பின்னர் 2010-இல், போட்ஸ்வானாவின் மொரெமியில் வாழும் வேறொரு பபூன் கூட்டத்தில், வலுவான, நிலையான உறவுகள் கொண்ட பெண்கள் அதிக காலம் உயிர் வாழ்வதும் தெரியவந்தது.