"உங்களுக்குப் பிடிக்காது"

நண்பர்களே, கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன அமெரிக்க செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள், இன்று நான் பேசப்போவது செனட்டில் அவருக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மார்கரெட் சேஸ் ஸ்மித்தைப் பற்றி.

மெய்ன் மாநிலத்தின் ஸ்கோஹீகன் என்ற சின்ன ஊரில் 1897-இல் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர். கல்லூரிப் பக்கமே போகாதவர், கடையில் நின்றார், தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தார், உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றிலும் இருந்தார். கணவர் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், 1940-இல் அவர் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்தார். சரி, அனுதாப ஓட்டு என்று சொல்லலாம். ஆனால் 1948-இல் செனட்டுக்கு நின்றபோது உட்கட்சித் தேர்தலில் பதவியிலிருந்த ஆளுநரையும் ஒரு முன்னாள் ஆளுநரையும் தோற்கடித்தாரே, அதற்கு என்ன சொல்வது?

1950 பிப்ரவரியில் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள், பட்டியல் கையில் இருக்கிறது என்று கிளப்பிவிட்டார். எண்ணிக்கை மட்டும் 205, 57, 81 என்று மாறிக்கொண்டே இருந்தது. ஸ்மித்தும் மெக்கார்த்தியின் அதே குடியரசுக் கட்சி, கம்யூனிசம் அறவே பிடிக்காதவர், முதலில் விஷயம் இருக்கும் என்றுதான் நம்பினார். ஆதாரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். சொன்னதற்கும் காகிதத்தில் இருந்ததற்கும் சம்பந்தமே தெரியவில்லை, நாம் வக்கீல் இல்லையே, அதனால்தான் புரியவில்லையோ என்றுகூட நினைத்தாராம். மற்றவர்கள் படித்துப் பார்த்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஜூன் 1. செனட்டுக்குப் போகும் குட்டி ரயிலில் மெக்கார்த்தி எதிர்ப்பட்டார். "என்ன மார்கரெட், முகம் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறதே, பேசப்போகிறீர்களா?" "ஆமாம், உங்களுக்குப் பிடிக்காது." அப்புறம் அவையில் சுமார் 15 நிமிடம் பேசினார். மெக்கார்த்தி பின்னால் சில அடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அவர் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பயம், அறியாமை, குருட்டு வெறுப்பு, அவதூறு இந்த நாலு குதிரைகளில் ஏறி என் கட்சி ஜெயிப்பதை நான் பார்க்க விரும்பவில்லை என்றார். பேச்சோடு வைத்த அறிக்கையில் இவரோடு கூடக் கையெழுத்துப் போட்ட செனட்டர்கள் ஆறே பேர். மெக்கார்த்தி அவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் "ஸ்னோ ஒயிட்டும் ஆறு குள்ளர்களும்".

கிண்டலோடு விடவில்லை. விசாரணைத் துணைக்குழுவிலிருந்து இவரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தை நிக்ஸனுக்குக் கொடுத்தார். 1954-இல் மெய்னிலேயே இவருக்கு எதிராக ஓர் ஆளை நிறுத்த ஆதரவு கொடுத்தார், அந்த ஆள் ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் மண்ணைக் கவ்வினார். அதே ஆண்டு டிசம்பரில் செனட் 67-22 என்று மெக்கார்த்தியைக் கண்டித்தது, கண்டனத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்களில் இவரும் ஒருவர்.

இதை வைத்து அவரைச் சமாதானப் புறா என்று நினைத்துவிடாதீர்கள். அணு ஆயுத விஷயத்தில் கென்னடியையே போதிய உறுதி இல்லை என்று கடிந்தவர், வியட்நாம் போரையும் ஆதரித்தவர், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1964-இல் ஜனாதிபதி வேட்பாளராக முன்மொழியப்பட்டார், பெரிய கட்சி ஒன்றின் மாநாட்டில் ஒரு பெண்ணின் பெயர் அப்படி வந்தது அதுதான் முதல்முறை, கிடைத்தது 27 ஓட்டு. 1972-இல், 74 வயதில், மெய்ன் மக்களே அவரைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.