நம்ம சபைக்காரர்தானேன்னு நம்பினேன் ஐயா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும்தான் எடுத்துக்கறேன். ரங்கூன்லேர்ந்து நம்ம லுத்தரன் சபை, அதாவது மார்ட்டின் லுத்தர் வழியில வந்த புரொட்டஸ்டன்ட் சபை, அதைச் சேர்ந்த ஒரு அம்மா வாட்ஸ்அப்ல பேசி அனுப்பியிருக்காங்க. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. அவங்க பேசினதை அப்படியே படிக்கிறேன்.

"ஐயா, நாங்க மூணு தலைமுறையா லுத்தரன். என் மகனை மலேசியாவுக்கு வேலைக்கு அனுப்பி வைக்கிறேன்னு எங்க சபையிலயே ஒருத்தர் 40 லட்சம் கியாட் (பர்மாப் பணம்) வாங்கினார். சின்ன வயசுல என்கூட திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்புல உட்கார்ந்தவர். ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கன்னு கேட்டதுக்கு, 'என்னக்கா, நமக்குள்ளேயே எழுத்தா?'ன்னு சிரிச்சார். எனக்கு வெட்கமாப் போச்சு, விட்டுட்டேன். ஒன்றரை வருஷம் ஆச்சு, வேலையும் இல்ல, பணமும் இல்ல. அவர் வழக்கம்போல வந்து திருவிருந்து எடுக்கிறார். வெளியில பேசினா சபை மானம் போயிடும்னு பெரியவங்க சொல்றாங்க. ஒரே விசுவாசத்துக்காரரை நம்பினது என் தப்பா ஐயா? இனிமே நான் யாரை நம்புறது?"

அம்மா, நம்பினது உங்க தப்பு இல்ல. இதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா உங்க குரல்ல அந்தக் குற்ற உணர்ச்சிதான் பெருசாக் கேட்டது. பையனை எப்படியாவது வெளியே அனுப்பிடணும்னு இன்னைக்கு நம்ம ஊர்ல ஒவ்வொரு தாயும் தவிக்கிறாங்க. காரணம் எல்லாருக்கும் தெரியும். 2021-ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்புறம் பேங்க் வாசல்ல விடியக்காலை வரிசையில நின்ன சனம் நாம. சொந்தப் பணத்தையே எடுக்க முடியாம நின்னோம். அதுக்கப்புறம் ஆபீஸ், பேங்க் எதையும் நம்ப முடியாம, தெரிஞ்ச முகத்தைத் தேடிப் போறோம். கோயில்ல பக்கத்துல உட்கார்ற முகத்தைவிடத் தெரிஞ்ச முகம் எது?

ஆனா அந்த ஒரு பேப்பரைக் கேக்கறதுக்கு நீங்க வெட்கப்பட்டிருக்கக் கூடாது. பைபிள்ல எரேமியா தீர்க்கதரிசி புஸ்தகம் 32-ஆம் அதிகாரத்தை இன்னைக்கு ராத்திரி எடுத்துப் படிங்க. எருசலேமைச் சுத்திப் பாபிலோன் படை நிக்குது. எரேமியாவைக் காவல்ல வெச்சிருக்காங்க. அந்த நேரத்துல அவரோட அப்பாகூடப் பிறந்தவரோட மகன் வந்து, ஆனதோத்துல இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கோன்னு கேக்கறான். வாங்கச் சொல்றதே கர்த்தர்தான். இதுக்கு மேல என்ன நம்பிக்கை வேணும்? ஆனாலும் எரேமியா என்ன செய்யறார்? 17 சேக்கல் வெள்ளியைத் தராசுல நிறுத்துக் குடுக்கறார். பத்திரம் எழுதறார், கையெழுத்துப் போடறார், சாட்சிகளை வெச்சு முத்திரை போடறார். அந்தப் பத்திரத்தை மண்பாண்டத்துல போட்டு வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்குகிட்ட குடுக்கறார். ரத்த சொந்தம், தேவனோட கட்டளை ரெண்டும் இருந்தும் எழுத்து இருந்தது. யாரும் யாரையும் பார்த்து 'நமக்குள்ளேயே எழுத்தா?'ன்னு கேக்கல.

பவுலும் அப்படித்தான். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தன் கையில மட்டும் வெச்சுக்கல. சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் கூட அனுப்பறார். கர்த்தருக்கு முன்னாடி மட்டுமில்ல, மனுஷருக்கு முன்னாடியும் யோக்கியமா இருக்கணும்னு காரணமும் சொல்றார். 2 கொரிந்தியர் 8-ல இருக்கு. அப்போஸ்தலனே 'என்னை நம்புங்க'ன்னு விட்டுடல. அதனால எவனாவது உங்ககிட்ட எழுத்து கேக்கறது விசுவாசக் குறைவுன்னு சொன்னா, அந்த இடத்துலயே எழுந்திருச்சிடுங்க.

இப்போ அந்த 'நாங்க லுத்தரன்'ங்கிற வார்த்தை. இதுல நாம ஒரு தப்புப் பண்றோம், நானும் பண்ணியிருக்கேன். லுத்தரன்னா ஒரு நல்ல குடும்பப் பேர் மாதிரி, ஒரு ஜாதிப் பேர் மாதிரி ஆக்கி வெச்சிருக்கோம். ரங்கூன்ல நம்ம சபையை உண்டாக்கினவங்க கடல் கடந்து வந்த தமிழ் லுத்தரன் ஜனங்க. அறியாத ஊர்ல, பாஷை புரியாத சந்தையில, 'நீ நம்ம சபையா?'ங்கிற ஒரு கேள்விதான் அவங்களுக்குத் துணை. அது அந்தக் காலத்துக்குத் தேவைப்பட்டது. அதை நான் குறை சொல்லல. ஆனா அந்தப் பேர் மனுஷனோட நாணயத்துக்குச் சர்ட்டிபிகேட் இல்ல. லுத்தர் சொன்னதே அதுக்கு நேர் எதிர். எங்களிடத்துல நன்மை இல்ல, கிறிஸ்துவோட நீதியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம், விசுவாசி ஒரே நேரத்துல நீதிமானும் பாவியுமா இருக்கான்னு சொன்ன சபை இது. 1530-ல எழுதின, நம்ம சபையோட அடிப்படை விசுவாச அறிக்கையான அவுக்ஸ்புர்க் அறிக்கை எட்டாவது பகுதியில, இந்த உலகத்துல சபைக்குள்ள மாய்மாலக்காரங்களும் துன்மார்க்கரும் கலந்திருக்காங்கன்னு நம்ம முன்னோர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. மறைக்கல.

அப்போ டென்மார்க்காரங்க கையில இருந்த தரங்கம்பாடியையே பாருங்க. 1706 ஜூலை 9-ஆம் தேதி லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் கப்பல்ல வந்து இறங்கறார். அனுப்பினது டென்மார்க் ராஜா நாலாம் பிரெடரிக், லுத்தரன். கோட்டையில அதிகாரம் பண்ணின கமாண்டர் ஹாசியஸ், அவரும் லுத்தரன். ரெண்டு வருஷத்துல, 1708-ல, அந்தக் கமாண்டரே ஐயரைப் பிடிச்சு நாலு மாசம் கோட்டைக்குள்ள அடைச்சு வெச்சார். தமிழ்நாட்டு லுத்தரன் சபையோட ஆரம்பமே இப்படி, ஒரே ஞானஸ்நானம், ஒரே ஞானோபதேசம் (விசுவாசப் பாடம்) இருந்த கையாலதான் பூட்டு விழுந்தது. வெளியே வந்த ஐயர் சபையை விட்டு ஓடல. 1715-ல தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சுல வந்தது. ஹாசியஸ் நல்லவர்தான்னு அவர் நடிக்கவும் இல்ல. தனக்கு நடந்ததை ஐரோப்பாவுக்கு எழுதினார்.

இங்கேதான் அந்த 'சபை மானம்' பேச்சுக்கு வரேன். இது எனக்குக் கோபம் வர்ற இடம், மன்னிச்சுக்கோங்க. உங்களைப் பேசாதேன்னு சொல்றவங்க பத்துக் கட்டளையில எட்டாம் கற்பனையைக் காட்டுவாங்க. நம்ம எண்ணிக்கையில பொய்ச்சாட்சி எட்டாவது, மத்த புரொட்டஸ்டன்ட் சபைகள்ல ஒன்பதாவது. 1529-ல எழுதின சிறிய ஞானோபதேசத்துல லுத்தர் அதுக்கு அழகான அர்த்தம் குடுத்திருக்கார். அயலானைப் பத்திப் பொய் சொல்லாதே, காட்டிக்குடுக்காதே, அவதூறு பேசாதே, அவனுக்காகப் பரிஞ்சு பேசு, எல்லாத்தையும் நல்ல விதமா எடுத்துக்கோன்னு. சின்னதுல மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சோமே, அதேதான். ஆனா அதுக்கு முன்னாடி ஏழாவது ஒண்ணு இருக்கில்ல? களவு செய்யாதே. பெரிய ஞானோபதேசத்துல லுத்தர் அதுக்குப் பக்கம் பக்கமா எழுதறார். பெட்டியை உடைக்கிறவன் மட்டும் திருடன் இல்ல, சந்தையிலயும் கடையிலயும் வேலையிலயும் அடுத்தவனை ஏமாத்தி லாபம் பார்க்கிறவனும் திருடன்தான்னு. ஏழாவதை மீறினவனைக் காப்பாத்த எட்டாவதைத் தூக்கிப் பிடிக்கறது என்ன நியாயம்?

எல்லாருக்கும் தெரிஞ்ச பாவத்தை எல்லாருக்கும் முன்னாடி கண்டிக்கலாம், அது அவதூறு இல்லன்னும் அதே புஸ்தகத்துல எழுதியிருக்கார். தெரியாததுக்கு மத்தேயு 18-ல கர்த்தர் சொன்ன வழி. முதல்ல நீயும் அவனும் தனியா. கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேரோட. அப்பவும் கேக்கலன்னா சபைக்குச் சொல்லு. நீங்க தனியாப் போய்க் கேட்டு முடிச்சாச்சுன்னா, அடுத்தது ரெண்டு பேரோட போறது. அதைத் தடுக்கிற பெரியவங்க கர்த்தர் குடுத்த வழியைத்தான் தடுக்கறாங்க.

அவர் திருவிருந்து எடுக்கறதைச் சொன்னீங்க. அவர் பக்கத்துல எப்படி முழங்கால் போடறதுன்னு தோணுது உங்களுக்கு. நிறையப் பேர் மத்தேயு 5-ஐக் காட்டி, மனஸ்தாபத்தோட பீடத்துக்குப் போகாதேன்னு, அடிபட்டவங்களையே நிறுத்திடறாங்க. அந்த வசனத்தை நிதானமாப் படிங்க. 'உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தா காணிக்கையை வெச்சுட்டுப் போகச் சொல்லுது. இங்கே யார் பேர்ல யாருக்குக் குறை? முதல்ல எழுந்து போய் ஒப்புரவாக வேண்டியது அவர். அப்பமும் ரசமும் உங்களுக்காகக் குடுக்கப்பட்டது, அவரோட யோக்கியதையில தொங்கல. அவர் வர்றார்ங்கிறதுக்காக நீங்க ஒரு ஞாயிறுகூட விட வேண்டாம்.

இனிமே யாரை நம்புறதுன்னு கேட்டீங்களே, அதுக்கு என் கதையைச் சொல்லணும். சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன் தாய்லாந்து வேலைக்கு ஆள் எடுக்கறேன்னு வந்தான். ஒரு குடும்பம் என்கிட்ட வந்து, ஐயா இவனை நம்பலாமான்னு கேட்டாங்க. நான் அவனோட வேலையைப் பத்தி ஒண்ணும் விசாரிக்கல. யார்கிட்டயும் போன் போட்டுக் கேக்கல. 'நம்ம பிள்ளைதான், தாராளமாக் குடுங்க'ன்னேன். அவன் பணத்தோட போயிட்டான். அந்தப் பணம் என் வார்த்தையை நம்பிக் குடுத்த பணம். அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னால முடிஞ்சதை மாசாமாசம் குடுத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு வருஷம் என்கிட்ட பேசல. அப்புறம் ஒரு நாள் அவரே வந்து டீக்கடை பெஞ்சுல என் பக்கத்துல உட்கார்ந்து, தன் மகனைப் பத்தின கவலையை எல்லாம் சொன்னார். அன்னைக்கு நான் அழுதுட்டேன். 1536 கடைசியில எழுதின ஸ்மால்கால்ட் அறிக்கைங்கிற இன்னொரு விசுவாச அறிக்கையில, சுவிசேஷம் நமக்கு வர்ற வழிகளை லுத்தர் சொல்றார். பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு, இதோட சகோதரர் ஒருத்தரோட ஒருத்தர் பேசித் தேத்திக்கறதையும் சேர்க்கறார். அன்னைக்கு அந்த டீக்கடை பெஞ்சுலதான் அது எனக்குப் புரிஞ்சது.

அதனால அம்மா, பண விஷயத்துல எல்லார்கிட்டயும் எழுத்து கேளுங்க, என்கிட்டயும் கேளுங்க. ஆனா மனசுல இருக்கிற பாரத்தைச் சொல்ல சபையில ஒரு ஆளையாவது வெச்சுக்கோங்க. அதையும் அவர் உங்ககிட்டேர்ந்து பறிச்சுக்க விடாதீங்க.

அந்தச் சகோதரர் இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, தம்பி, பைபிள்ல வர்ற வரிக்காரன் சகேயு வாயால மட்டும் மனந்திரும்பல, நாலத்தனையாத் திருப்பித் தர்றேன்னான். உங்ககிட்ட நாலு மடங்கு கேக்கல. மாசம் ஒரு லட்சம்னு ஆரம்பிங்க, எழுதிக் குடுத்துட்டு.

அம்மா, எந்தத் தேதியில எவ்வளவு குடுத்தீங்க, யார் பார்த்தாங்கன்னு ஞாபகம் இருக்கிற வரைக்கும் ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிட்டு, வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் சபைச் சங்கத்துல நீங்க மதிக்கிற ஒருத்தரைப் பாருங்க. ரெண்டாவது ஆளா நான் வரேன்.