சிவப்பு மையும் அம்மியும்

அவைத் தலைவர் அவர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியும் முன்வரிசையில் பொறுமையாக அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, சமூக மன்ற நற்பணிக் குழுவினரே, எனக்கு உயர்நிலை ஒன்றில் பாடம் சொன்ன ஆசிரியை அம்மா அவர்களே (ஏனம்மா கடைசி வரிசை, முன்னால் வாருங்கள்), தமிழ்மொழி மாதத்துக்காகச் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இந்த ஏர்கானில் அதைக் கழற்றுவதாக இல்லை.

பல்கலைக்கழக எழுத்து மையங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கட்டுரை, அறிக்கை எழுதுவதைப் பற்றி உட்கார்ந்து கலந்துபேசி உதவி பெறும் இடம் அது. மூன்று செய்திகள். ஒன்று, அவை மாணவருக்கு மட்டுமல்ல, ஆசிரியருக்கும்தான். இரண்டு, ஆசிரியருக்கு அங்கே என்ன கிடைக்கிறது. மூன்று, கணினியே கட்டுரை எழுதும் காலத்தில் அவை எதற்கு. மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

என் அண்ணன் மகள் இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் சொல்லிக்கொடுக்கிறாள். எது என்று கேட்காதீர்கள். ஒருநாள் தேக்கா உணவங்காடியில் என் எதிரே அறுபது அறிக்கைகளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா. ஒரு வாக்கியத்தையும் விடவில்லை. என் கை பட்டு தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், ஒரு தாளின்மேல் கொட்டிவிட்டது. நான் பதறிப்போனேன். “விடுங்க சித்தப்பா, அதுல இனிமே எழுத இடமே இல்ல” என்றாள். அந்தப் பையன் தாளை வாங்கியதும் எதைப் பார்ப்பான்? மதிப்பெண்ணை. அப்புறம் பைக்குள் போட்டுவிடுவான். இவளுக்குப் போனது மூன்று வாரத்துச் சனி, ஞாயிறு.

கோபத்தோடு எழுத்து மையத்துக்குப் போயிருக்கிறாள். “என் மாணவர்களுக்கு எழுதத் தெரியவில்லை. அனுப்புகிறேன், சரிசெய்து கொடுங்கள்.” காரை சர்வீசுக்கு விடுகிற மாதிரி! அங்கிருந்த அம்மையார், “மாணவர்கள் இருக்கட்டும், நீங்கள் கொடுத்த கேள்வியைக் காட்டுங்கள்” என்றாராம். ஒரே வரி: மண் பரிசோதனை முடிவுகளை விவாதிக்க. “இதை யார் படிக்கப்போகிறார்?” “நான்தான்.” “உங்களுக்குத்தான் விடை தெரியுமே?” இவளுக்கு வாய் அடைத்துப்போனது.

அரைமணி நேரத்தில் கேள்வி மாறியது. இந்த மண்ணில் பத்து மாடி எழுப்பப் பைலிங், அதாவது அடித்தளத் தூண், எவ்வளவு ஆழம் போகவேண்டும், அடுத்த வாரம் வேலை தொடங்கும் ஒப்பந்தக்காரருக்கு இரண்டு பக்கத்தில் எழுதுக. முதலில் வகுப்பிலேயே ஐந்து நிமிடக் கிறுக்கல், அதற்கு மதிப்பெண் கிடையாது. அப்புறம் ஒரு வரைவு. பக்கத்து மாணவன் படித்துக் கேள்வி கேட்பான். அதன்பிறகுதான் இவளிடம் வரும். அதிலும் பெரிய குறை இரண்டை மட்டும் குறித்தால் போதும். அடிமேல் அடி என்றால் இதுதான். நாமோ சிவப்பு மையால் அடிப்பதை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1969-70இலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சென்ட்ரல் கல்லூரி என்ற சிறிய கல்லூரியில், பார்பரா வால்வூர்ட் என்ற ஆங்கில ஆசிரியர் மற்றத் துறை ஆசிரியர்களையும் கூட்டிவைத்து, எழுத்தைக் கொண்டு பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

இரண்டாவது செய்தியில் பாதி வந்துவிட்டது. மூன்றாவதற்கு முன்னால், நான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்ட காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், நாடாளுமன்ற உறுப்பினர் கிளம்புவதற்குள்.

சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டம் படிக்கிறார்கள். தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்கள் உருவாகிறார்கள். எழுத்து மையங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இயங்குகின்றன. தமிழில் கட்டுரை எழுதவைக்கும் விரிவுரையாளர் தன் கேள்வியைக் காட்டிக் கலந்துபேச அங்கே ஒரு தமிழ் மேசை வேண்டும். நான் முப்பது வருடம் தமிழ்க் கட்டுரை திருத்தினேன். ஒற்று மிகுமா மிகாதா, லகரமா ளகரமா, அவ்வளவுதான் பார்த்தேன். பிள்ளை என்ன சொல்லவருகிறான் என்று கேட்டதில்லை. என் கேள்வியைக் காட்டு என்று என்னிடமும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபம்தான் வந்திருக்கும், அது வேறு.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மேசை, இரண்டு பேர், வாரத்தில் ஒரு பிற்பகல். ஒரே மனுவில் நடக்காது, தெரியும். அடிமேல் அடி! வெளியே வடைத் தட்டுக்குப் பக்கத்தில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். அது நான்காவது வரைவு. அண்ணன் மகள்தான் பார்த்துக் கொடுத்தாள். இரண்டு இடத்தில் மட்டும் குறித்திருந்தாள், பென்சிலால்.

மூன்றாவது செய்தி... தலைவர் மணியடித்துவிட்டார். வடை ஆறிவிடும், வாருங்கள்.